இரு பருவமழைகளுக்கு நடுவே ஒரு டிஷ்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளியையும் இறக்ககண்டிப் பாலத்தையும் தாண்டிப் புல்மோட்டை வீதியில் சென்றால், குச்சவெளிக்குச் சற்று முன்னால், நான் நிருவாகியாகப் பணிபுரியும் சிறிய தனியார் மருத்துவ நிலையம் இருக்கிறது. அதன் கொங்கிறீட் கூரையில் நிற்கும் 1.8 மீற்றர் டிஷ்ஷும் அதன் வழியே வரும் செய்மதி இணைய இணைப்பும் இரண்டு மாரிகளைக் கடந்துவிட்டன. அந்த இணைப்பைக் கணித்து, பொருத்தி, பராமரித்து வரும் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அதற்கு முன்னர் இதே கூரையில் வேறொரு நிறுவனம் பொருத்திய டிஷ் ஒன்று ஒரே மாரியில் எங்களைக் கைவிட்டது. அதையும் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. இரு நிறுவனங்களின் பெயரையும் தவிர்க்கிறேன். இவ்வாறான இணைப்பு ஒன்றை வாங்க எண்ணுபவர் விலைமனுவின் எந்த வரியில் விரலை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பது தெரிந்தால், யாரிடம் வாங்குவது என்பதை அவரே தீர்மானித்துக் கொள்வார்.

எங்களுக்குச் செய்மதி ஏன் தேவைப்பட்டது என்று கேட்பவர்கள் உண்டு. வீதியோரமாக வரும் கேபிள் மதகுகளையும் களப்பு ஓரங்களையும் கடந்து வருகிறது. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது இந்த வீதி எப்படி இருந்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே படங்களையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வெளியூரில் இருக்கும் விசேட வைத்தியர்களுக்கு அனுப்பி அவர்களுடைய கருத்தைப் பெறுவது எங்கள் நாளாந்த வேலை. மழை தொடங்கிய பின்னரே டெங்குக் காய்ச்சலுடன் வருவோர் கூடுகிறார்கள். வீதி வெள்ளத்தில் மூழ்கி நோயாளரை நகரத்துக்கு அனுப்ப முடியாமற்போவதும் அப்போதுதான். ஆக, மழை நாளில் வேலை செய்யாத இணைப்பு எங்களுக்கு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

முதல் நிறுவனம் வந்தது ஒரு ஜூன் மாதத்தில். கச்சான் காற்று வீதிப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்க, வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லாத நாட்கள் அவை. 1.2 மீற்றர் டிஷ் ஒன்றை அரை நாளில் நிறுத்தி, வேகத்தை அளந்து காட்டி, ‘ஆண்டுக்கு 99.5 வீதம் கிடைக்கும்’ என்று உறுதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜூலை, ஓகஸ்ட் இரண்டு மாதமும் ஒரு குறையும் இல்லை. ஒக்டோபர் கடைசியில் பின்னேரங்களில் இடிமழை தொடங்கியது. அன்றிலிருந்து மழை இரைந்து பெய்யத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் மொடெத்தின் பச்சை விளக்கு அணைந்தது. தொலைபேசியில் முறையிட்டபோது, ‘மழைக்கு எந்தச் செய்மதியும் அப்படித்தான்’ என்ற பதில் வந்தது. அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்ததால்தான் அதை மறுத்துப் பேச எனக்கு அப்போது தெரியவில்லை.

99.5 வீதம் என்பதைக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 மணித்தியாலம் இணைப்பு இல்லாமற்போகலாம் என்று பொருள். மாதத்துக்கு நாலு மணித்தியாலம் கூட இல்லை, பரவாயில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் திருகோணமலையின் மழை பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பங்கிட்டுப் பெய்வதில்லை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்திலேயே அதன் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த 44 மணித்தியாலமும் அந்தச் சில மாதங்களுக்குள்ளேயே, அதுவும் பெரும்பாலும் பின்னேர வேளைகளிலேயே செலவாகிவிடும். ஆண்டுச் சராசரியை இவ்வாறு மோசமான மாதத்தின் கணக்காக மாற்றிக் காட்டுவதற்குச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.841 என்ற பரிந்துரை இருக்கிறது. அப்படியொன்று இருப்பது எனக்குத் தெரிந்தது இரண்டாவது நிறுவனத்தின் பொறியியலாளர் சொன்ன பிறகுதான்.

அந்த இளம் பெண் பொறியியலாளர் முதல் நாள் வந்தபோது கையில் கருவி எதையும் கொண்டுவரவில்லை. நாங்கள் எழுதி வைத்திருந்த இடையறவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, மேசையில் விரித்து, ஒவ்வொரு இடையறவுக்கும் பக்கத்தில் அன்று இங்கே மழையா இல்லையா என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மழையே இல்லாத மே மாதத்திலும் மூன்று நாலு இடையறவுகள் இருந்ததைக் கண்டு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘ஐயா, உங்கட பழைய கொம்பனியின்ர தரைநிலையம் எங்க இருக்கு?’ என்று கேட்டார். மேற்குக் கரையில் என்றேன். ‘அப்ப சரி. மழை இங்க மட்டும் பெய்யிறேல்லத்தானே’ என்றார்.

இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பில் பாதி அந்த ஒரு கேள்விக்கே உரியது. செய்மதி இணைப்புக்கு இரண்டு முனைகள் உண்டு. எங்கள் கூரையிலுள்ள சிறு டிஷ் ஒரு முனை. இணையத்தோடு தொடுக்கும் பெரிய தரைநிலையம் மறுமுனை. அங்கிருந்து செய்மதிக்கு ஏறும் அலையும் மழையைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். நாட்டின் தென்மேற்கில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. எங்கள் பக்கத்தில் ஆண்டின் கடைசியில் வடகீழ்ப் பருவமழை. தரைநிலையத்தை அங்கேயும் டிஷ்ஷை இங்கேயும் வைத்தால் ஒரே இணைப்பு இரண்டு பருவமழையையும் தாங்க வேண்டியிருக்கும். எங்கள் முற்றத்து வேம்பு ஒரு துளி நீருக்கு ஏங்கும் மே மாதத்தில் எக்ஸ்ரே படம் பாதியில் நின்றதற்குக் காரணம் இதுதான். மழை பெய்யும்போது தரைநிலையம் தன் ஏற்று வலுவைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் இதைப் பெருமளவுக்குச் சமாளிக்கலாம். பழைய நிறுவனத்திடம் அந்த ஏற்பாடு இருந்ததா என்று கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு வாரத்தில் அவர் இரண்டு பக்க இணைப்புக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். விலைமனு அதற்குப் பின்னால் மூன்றாவது பக்கமாக இருந்தது. இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. சங்கக்கடைக் கணக்குப் புத்தகத்தைப் போலவே அதிலும் வரவு ஒரு புறம், செலவு ஒரு புறம். எல்லாம் டெசிபலில் (வலு எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் அலகு; 3 டெசிபல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, 10 டெசிபல் பத்து மடங்கு) எழுதப்பட்டிருப்பதால் பெருக்கலும் வகுத்தலும் கூட்டலும் கழித்தலுமாகச் சுருங்கிவிடுகின்றன. செய்மதி எங்கள் திசைக்கு வீசும் வலு 50 டெசிபல்வாற்று என்று வரவில் தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே பெரிய செலவு: 36,000 கி.மீ. தூரத்தைக் கடந்து வருகையில் 12 கிகாஹெர்ட்ஸ் அலை இழப்பது ஏறத்தாழ 205 டெசிபல். செய்மதியில் புறப்பட்ட வலுவை ஒன்றுக்குப் பின்னால் இருபது சுழியம் போட்ட எண்ணால் வகுத்து, அதையும் மூன்றால் வகுத்தால் மிஞ்சுவது எவ்வளவோ அவ்வளவுதான் எங்கள் கூரைக்கு வந்து சேர்கிறது. அந்தத் துளியை ஏந்துவதற்குத்தான் டிஷ், 1.2 மீற்றர் டிஷ் ஏறத்தாழ 41.7 டெசிபல் நயம், அதாவது சைகைப் பெருக்கம், தருகிறது, 1.8 மீற்றர் டிஷ் அதைவிட மூன்றரை டெசிபல் கூடுதலாகத் தருகிறது. கடைசி வரியில், வந்த சைகை கருவியின் சொந்த இரைச்சலைவிட எத்தனை டெசிபல் உயர்ந்து நிற்கிறது என்ற மீதி. அந்த மீதியிலிருந்துதான் மழைக்குரிய பங்கைக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு தூரத்தில் ஒரு செய்மதியை நிலநடுக்கோட்டுக்கு மேலே நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்து சுழன்று வானத்தில் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும், அதைக்கொண்டு உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டில் எழுதிக் காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956ஆம் ஆண்டில் தன் சுழியோடி நண்பர் மைக் வில்சனுடன் எங்கள் கோணேசர் மலை அடிவாரத்துக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் எச்சங்களைக் கண்டவரும் அவரே. டிஷ் பூட்ட வந்த பையன்களுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. திருகோணமலையில் இதை நாம் இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மழைக்கு வருகிறேன். மழைத்துளி அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கிறது. அலைநீளம் துளியின் அளவை நெருங்க நெருங்க இழப்பு கூடுகிறது. மணிக்கு 100 மி.மீ. என்ற வேகத்தில் பெய்யும் மழையில், ஒன்றியத்தின் பி.838 பரிந்துரையில் உள்ள எண்களை வைத்துக் கணித்தால், 4 கிகாஹெர்ட்ஸ் சி பட்டை அலை ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 0.1, 0.2 டெசிபல் மட்டில் இழக்கிறது. எங்கள் கேயூ பட்டையின் 12 கிகாஹெர்ட்ஸ் நிலைக்குத்து முனைவாக்கத்தில் (முனைவாக்கம் என்பது அலை அதிரும் திசை) 4.3 டெசிபலும் கிடை முனைவாக்கத்தில் 5.5 டெசிபலும் இழக்கிறது. 30 கிகாஹெர்ட்ஸ் கேஏ பட்டை 15 டெசிபலுக்கு மேல் இழக்கிறது. நிலைக்குத்துக்கும் கிடைக்கும் வேறுபாடு ஏன் என்றால், விழும் துளி படங்களில் வரைவதுபோல் கண்ணீர்த் துளி வடிவில் இருப்பதில்லை. பெரிய துளி காற்றில் தட்டையாகி இடியப்பத் தட்டுப்போல் அகன்று விழுகிறது, அதனால் கிடையாக அதிரும் அலைக்குத் தடை கூடுதல். எங்களுக்கு நிலைக்குத்து முனைவாக்கத்தில் இறங்கும் அலைவரிசையைக் கேட்டு வாங்கித் தந்தார்கள். செலவில்லாமல் கிடைத்த ஒரு டெசிபல் அது.

‘எவ்வளவு மழை பெய்யுது எண்டதைவிட எவ்வளவு வேகமாப் பெய்யுது எண்டதுதான் ஐயா எங்களுக்கு முக்கியம்’ என்று அவர் சொன்னதை நான் பிறகு என் கண்ணாலேயே சரிபார்த்தேன். மார்கழியில் விடிய விடியப் பெய்யும் தூறல் மணிக்கு 5 மி.மீ. அளவில் இருந்தால் முழுப் பாதையிலும் ஒரு டெசிபல்கூட இழப்பதில்லை; நாள் முழுதும் குடையோடு திரிகிறோம், இணைப்பு அசையாமல் நிற்கிறது. ஐப்பசிப் பின்னேரத்தில் மேற்கே கறுத்து, இருபது நிமிடம் தகரத்தில் கல் எறிவதுபோல் கொட்டிவிட்டுப் போகும் இடிமழைதான் இணைப்பைத் திணறடிக்கிறது. மாத மழைவீழ்ச்சி எத்தனை மி.மீ. என்ற அட்டவணையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அதனால்தான் இத்துறையில் ஆண்டின் 0.01 வீத நேரம், அதாவது ஏறத்தாழ 53 நிமிடம், எந்த மழைவேகம் மீறப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள்.

வெப்பவலயத்தில் மழை தொடங்கும் உயரம் 5 கி.மீ. அளவில் இருக்கிறது. எங்கள் செய்மதி ஏறத்தாழ தலைக்கு மேலே நிற்பதால் டிஷ்ஷின் பார்வை 79 பாகை நிமிர்ந்திருக்கிறது; அலை மழைக்குள் கடக்கும் தூரமும் ஐந்து கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான். தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் தெரியும் செய்மதியாக இருந்தால் அதே தூரம் இரட்டித்திருக்கும். இடிமழை முகில் அகலத்தில் சிறியது என்பதையும் சேர்த்து, மழை இழப்பைக் கணிக்கும் ஒன்றியத்தின் பி.618 முறைப்படி, மணிக்கு 100 மி.மீ. என்ற வேகத்தை 0.01 வீதத்துக்குரியதாக எடுத்து அவர் கணித்த எண்கள் இவை: 99.5 வீதம் வேண்டுமென்றால் 2.3 டெசிபல் மழை இழப்பைத் தாங்கினால் போதும், 99.9 வீதத்துக்கு 6 டெசிபல், 99.99 வீதத்துக்கு 13 டெசிபலுக்கு மேல். ஒன்பதுகளைக் கூட்டக் கூட்ட விலை எப்படி ஏறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

பழைய நிறுவனம் மழைக்கென்று 3 டெசிபல் மிகை வைத்திருந்தது. 2.3 போதும் என்றால் 3 தாராளம்தானே என்று நான் கேட்டேன். இங்குதான் அந்தக் கணக்கின் ஓட்டை இருந்தது. மழை வருகிற சைகையைக் குறைப்பதோடு நிற்பதில்லை. மழை தானே ஒரு வெப்பப் பொருள் என்பதால், குளிர்ந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிஷ்ஷுக்குள் தன் வெப்ப இரைச்சலையும் கொட்டுகிறது. இரைச்சலை வெப்பநிலையாகவே அளப்பார்கள். தெளிந்த வானத்தில் 105 கெல்வின் அளவில் இருக்கும் மொத்த இரைச்சல், 3 டெசிபல் மழையில் 225 கெல்வினாக ஏறிவிடுகிறது. சைகை 3 டெசிபல் இறங்க, இரைச்சல் 3.3 டெசிபல் ஏற, இடைவெளி 6 டெசிபலுக்கு மேல் சுருங்குகிறது. கூரையும் ஒழுகி, கிணறும் கலங்கிய மாதிரி. இதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த 3 டெசிபல் மிகை 1.2 டெசிபல் மழையிலேயே தீர்ந்துபோகும். 99.5 வீதம் என்ற உறுதிமொழி எங்கள் கூரையில் ஒருநாளும் நிறைவேறக்கூடியதாக இருக்கவில்லை. அதை எழுதித் தந்தவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கடைசி இரண்டு வரியை நிரப்பாமல் கையெழுத்திட்டார், அவ்வளவுதான்.

இனி, அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. டிஷ் 1.8 மீற்றரானது. தரைநிலையம் மழைக்கேற்ப ஏற்று வலுவைக் கூட்டும் ஏற்பாடு உள்ளது என்பதை எழுத்தில் வாங்கித் தந்தார்கள். எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது டிவிபி-எஸ்2 என்ற செய்மதிப் பரப்புகை முறையில் உள்ள தகவமைவு, அதாவது வானிலைக்கேற்பக் குறியீட்டை மாற்றிக்கொள்ளும் வசதி. வானம் தெளிவாக இருக்கும்போது இணைப்பு 16 ஏபிஎஸ்கே என்ற நெருக்கமான குறியீட்டில் ஓடுகிறது, அதற்கு 10.2 டெசிபல் இடைவெளி வேண்டும். மழை கூடக் கூட மொடெம் படிப்படியாக இறங்கி, கடைசியில் கியூபிஎஸ்கே 1/4 என்ற மிக ஐதான குறியீட்டில் நிற்கிறது. அங்கே சைகை இரைச்சலுக்குக் கீழே 2.35 டெசிபல் அமிழ்ந்திருந்தாலும் செய்தி பிழையின்றி வருகிறது. விலையாக வேகம் ஆறில் ஒன்றாகிவிடுகிறது. இந்த இரு முனைகளுக்கும் இடையே உள்ள பன்னிரண்டரை டெசிபலை, இரைச்சல் ஏற்றத்தையும் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழ 8 டெசிபல் மழையைத் தாங்கலாம், 99.9 வீதத்துக்குத் தேவையான 6 டெசிபலுக்கு மேலே இன்னும் கொஞ்சம் கையிருப்பு. வேகம் இறங்கும் நேரத்தில் எது முதலில் போக வேண்டும் என்பதையும் எங்களைக் கேட்டுத்தான் வகுத்தார்கள்: வைத்தியரின் குரல் அழைப்பு, பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே, பிறகு மற்றவை. ஊழியர் தங்குமிடத்தின் யூடியூப் கடைசியில். அதற்கு வந்த முணுமுணுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பொருத்தும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல கணக்கைக் கெட்ட ஆணி ஒன்று கெடுத்துவிடும். முதலில் நடுவில் ஊட்டி (டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் கொம்பு) உள்ள வட்ட டிஷ்ஷைத்தான் தருவதாக இருந்தது. கூரைக்கு ஏறி வந்த மூத்த தொழில்நுட்பவியலாளர், ‘அண்ணை, இது 79 பாகையில மல்லாந்து தாச்சி மாதிரிக் கிடக்கும், தண்ணி தேங்கும்’ என்று சொல்லி மாற்றச் செய்தார். இப்போதிருப்பது ஊட்டி ஒரு பக்கம் ஒதுங்கிய வகை. அதன் முகம் சரிந்து நிற்பதால் நீர் வழிந்தோடுகிறது, ஊட்டியின் வாயும் கீழ்நோக்கி இருப்பதால் அதன் மூடியில் நீர்ப்படலம் தங்குவதில்லை. மழை விட்ட பிறகும் இணைப்பு வராமல் இழுத்தடிப்பதற்கு இந்த நீர்ப்படலமும் ஒரு காரணம் என்று அவர்தான் விளக்கினார். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். ஆணி, நட்டு எல்லாம் துருப்பிடிக்காத உருக்கில் போட்டு, கேபிள் முனைகளைத் தானே ஒட்டிக்கொள்ளும் றப்பர் நாடாவால் இறுக்கிச் சுற்றினார்கள். பழைய டிஷ்ஷின் கேபிள் முனையைக் கழற்றியபோது உள்ளே பச்சை பூத்திருந்தது. எங்கள் இடையறவுகளில் எத்தனைக்கு மழை காரணம், எத்தனைக்கு அந்தப் பச்சை காரணம் என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய டிஷ்ஷில் காற்றுப் பிடிக்கும் பரப்பு பழையதைப்போல் இரண்டே கால் மடங்கு. அதன் கற்றையோ ஒரு பாகை அகலம்தான். காற்றில் தூண் அரைப் பாகை சாய்ந்தாலே சைகையில் பாதி போய்விடும். அதற்காகக் கூரை வளையோடு சேர்த்து அடித்தளம் போட்டார்கள். இடிதாங்கிக் கம்பியைத் தனியாக நிலத்துக்கு இறக்கினார்கள்.

இரண்டு மாரியில் எப்படி இருந்தது என்றால், என் பதிவேட்டில் முழுதாக நின்றுபோன தடவைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஓர் ஐப்பசி மாலையில், ஏழு வயதுப் பிள்ளை ஒன்றின் இரத்தப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு எங்கள் வைத்தியர் யாழ்ப்பாணத்திலிருந்த விசேட வைத்தியரோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியே எதிர்வீட்டுக் கூரை தெரியாத மழை. மொடெத்தின் திரையில் குறியீடு ஒவ்வொரு படியாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்; கடைசிப் படியில் வந்து அது தங்கிக்கொண்டது. குரல் சற்றுக் கரகரத்தது, அறுபடவில்லை. பழைய இணைப்பாக இருந்திருந்தால் மழை தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் நாங்கள் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு சைகை தேடி வாசலுக்கு ஓடியிருப்போம்.

குறைகளும் உண்டு. மாதக் கட்டணம் முன்னையதைப்போல் ஒன்றரை மடங்கு. டொலர் ஏறினால் அதுவும் ஏறும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. ஒப்பந்தமும் கணக்கும் ஆங்கிலத்தில் மட்டுமே தரப்பட்டன; நான் வாய்மொழியாகக் கேட்டுத் தமிழில் குறித்துக்கொண்டேன், மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்காது. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் இறுதியை ஒட்டியும் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில், சில நிமிட நேரம் இணைப்பு திணறும் என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை. நிமிடக் கணக்கோடு முன்னரே கணித்துவிடக்கூடிய விடயம் இது. முதல் தடவை கொளுத்தும் வெயிலில் இணைப்பு போனபோது எங்களுக்கு மே மாதத்து ஞாபகம்தான் வந்தது. குரல் போய்த் திரும்புவதில் அரை வினாடிக்கு மேற்பட்ட தாமதமும் இருக்கிறது. அது தூரத்தின் குற்றம்; யாரையும் நொந்து பயனில்லை, பேசுபவர் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுக்கப் பழகிக்கொண்டால் சரி.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கிய பிறகு, இந்தப் பெரிய டிஷ் இன்னும் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். அதன் செய்மதிகள் சில நூறு கி.மீ. உயரத்திலேயே பறப்பதால் தாமதம் மிகக் குறைவு. வீட்டுக்கு வாங்க நினைப்பவருக்கு நான் அதையே முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் அதன் பயனர் இணைப்பும் கேயூ பட்டையில்தான் இயங்குகிறது, மழை உயரமும் அதே ஐந்து கிலோமீற்றர்தான், செய்மதி சாய்வாகத் தெரியும் நேரங்களில் மழைக்குள் பாதை நீளவும் செய்யும். இரண்டையும் ஒரே கூரையில் ஒரு மாரி முழுவதும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே அதைப் பற்றி எழுதுவேன். சி பட்டைக்குப் போனால் மழைப் பயமே இல்லை என்பது உண்மை. எங்களைப்போன்ற இடத்துக்கு அந்த டிஷ்ஷின் பருமனும் செலவும் தாங்காது.

விலைமனு கேட்பவர்களுக்கு: கிடைக்கும் வீதத்தை ஆண்டுக்கல்லாமல் நவெம்பர் மாதத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தரைநிலையம் எங்கே, அங்கே மழை பெய்தால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். மழை இழப்போடு இரைச்சல் ஏற்றமும் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரப் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய கோவையில் அது இருக்கவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். புரட்டாதியில் கூரைக்கு ஏறி நட்டுகளை இறுக்கி, வேப்பிலைச் சருகுகளை ஊட்டிக் கையிலிருந்து தட்டிவிட்டுப் போவதாக ஒப்பந்தத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு இரண்டு தடவை நினைவூட்டிய பிறகுதான் வந்தார்கள். இந்த ஆண்டு நினைவூட்டாமலே வந்தால் மிச்ச ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.